காங்கேயத்தில் கேட்ட ஜப்பானிய மொழி

கோயம்புத்தூரில் இறங்கிய அன்று காலை, விடுதியில் என் பையைத் தூக்கி வந்தவர் "சாப்ட்டாச்சுங்களா?" என்று கேட்டார். "இன்னும் பசியாறலைங்க" என்றேன். அவர் பதறிவிட்டார். "ஏனுங்க, நேத்திருந்தே பட்டினிங்களா?" எங்கள் மலேசியாவில் பசியாறுவது என்றால் காலைச் சாப்பாடு, அவ்வளவுதான். அவர் விளக்கம் எதையும் கேட்கவில்லை. ஓடிப்போய்த் தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தகையை ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தார். எங்கள் ஊர் புட்டுமாயம்தான் இது, இடியாப்பம் மாதிரி, பெயர்தான் வேறு என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

நான் சுங்கைப் பட்டாணியில் பிறந்தவள். தொண்ணூறுகளின் நடுவில் பினாங்கில் வேலை பார்த்தேன். பின்னலாடை இயந்திரங்கள் விற்கும் ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் கிளை அது. திருப்பூர்க்காரர்கள் எங்கள் இயந்திரங்களை நிறைய வாங்கத் தொடங்கியிருந்தார்கள். பழுது பார்க்க உள்ளூர் மெக்கானிக்குகள் வேண்டும். அவர்களை ஜப்பானுக்கு அனுப்பிப் பழக்க வேண்டுமானால் முதலில் மொழி வேண்டும். அதற்காக இரண்டு இடத்தில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கோயம்புத்தூரில் கிமுரா என்ற ஜப்பானிய இளைஞர், காங்கேயத்தில் மயிலாத்தாள் என்ற உள்ளூர் ஆசிரியை. இரண்டு பேருக்கும் செலவழிக்க மேலிடத்துக்கு மனமில்லை. எனக்குத் தமிழும் தெரியும், ஜப்பானிய மொழியும் தெரியும். போய்ப் பார்த்து ஒருவரைச் சொல் என்று அனுப்பிவிட்டார்கள்.

என் மனத்தில் முடிவு ஏற்கெனவே இருந்தது. தாய்மொழிக்காரர் கையில் கிடைக்கும்போது உள்ளூர்க்காரர் எதற்கு?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் இந்த மொழியைப் படித்த காலத்தில், வீட்டில் வாய்விட்டுப் பாடம் சொன்னால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். யுத்த காலத்தில் ஜப்பானியர்கள் அவருடைய அண்ணனைத் தோட்டத்திலிருந்து சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். பெரியப்பா திரும்பி வரவில்லை.

முதல் நாள் கிமுராவின் வகுப்புக்குப் போனேன். பீளமேட்டில் ஒரு மோட்டார் பம்புக் கடைக்கு மேலே இருந்த அறை. கிமுராவுக்கு இருபத்தேழு வயதிருக்கும். டோக்கியோக்காரர். வானொலியில் செய்தி வாசிப்பவரைப்போல் அத்தனை துலக்கமாகப் பேசினார். மாணவர்கள் அவர் சொன்னதைச் சொன்னபடியே திருப்பிச் சொன்னார்கள். அவர்கள் வாயிலும் அது அழகாகவே இருந்தது. எனக்கு மகிழ்ச்சி. முன்வரிசையில் இருந்தவரிடம் "உங்களுக்கு எந்த ஊர்?" என்று ஜப்பானிய மொழியில் கேட்டேன். அவர் பளிச்சென்று "உங்களுக்கு எந்த ஊர்?" என்று என்னையே கேட்டார். அடுத்தவரும் அப்படியே. அறை முழுக்க என் கேள்வி எதிரொலித்ததே தவிர பதில் வரவில்லை.

ஒருவர் எழுந்து, திக்கித் திணறி ஆங்கிலத்தில், ஒரே எழுவாய்க்குப் பின்னால் ஏன் இங்கே 'வ' என்ற ஒட்டைப் போடுகிறீர்கள், அங்கே 'க' என்ற ஒட்டைப் போடுகிறீர்கள் என்று கிமுராவைக் கேட்டார். கிமுரா வெகுநேரம் யோசித்தார். "நாங்கள் அப்படித்தான் சொல்வோம்" என்றார்.

மத்தியானம் ஒரு மெஸ்ஸில் அரிசிம்பருப்புச் சோறு. நெய்யை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். போதும் என்று கையால் மறைத்தால், "இருக்கட்டுங்க" என்று கைமேலேயே ஊற்றுகிறார்கள். கிமுரா கையால் பிசைந்து சாப்பிட்டார். "டோக்கியோவுக்குத் திரும்பினால் என்னை ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார வைத்துவிடுவார்கள். எனக்கு இங்கே இருக்கத்தான் ஆசை. ஆனால் என் மொழி எப்படி வேலை செய்கிறது என்று இவர்கள் கேட்கும்போதுதான் எனக்கே அது தெரியாது என்று தெரிகிறது" என்றார்.

மறுநாள் காங்கேயம் பஸ் பிடித்து, மயிலாத்தாளின் வகுப்புக்கு எங்கே இறங்குவது என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டேன். ஆடி மாதம். பல்லடம் தாண்டியதும் காற்று பஸ்ஸைப் பக்கவாட்டில் தள்ளியது. ஜன்னல் கதவு ஒன்று பிய்ந்து விழுந்தது. கண்டக்டர் இறங்கிப்போய் அதை எடுத்துவந்து, "கொஞ்சம் மடில வெச்சுக்கறீங்களாங்க?" என்று என்னிடமே கொடுத்தார். எங்கள் ஊர்க் கண்டக்டராக இருந்தால் திட்டிக்கொண்டே கொடுத்திருப்பார். காங்கேயத்துக்குச் சற்று முன்பு டயர் வெடித்தது. "ஸ்டெப்னியும் பஞ்சருங்க, மன்னிச்சுக்குங்க. தேங்காக் களத்து வகுப்புதானுங்க? அந்தா, அக்கட்ட தெரியுது பாருங்க, நடந்தே போயிரலாமுங்க" என்றார்.

நடந்தேன். இரண்டு பக்கமும் வெறுங்காடு, வேலி, காய்ந்த புல். ஆள் நடமாட்டமே இல்லை. கொப்பரை வாடை மட்டும் காற்றில் வந்தது. கொஞ்ச தூரம் போனதும் அந்த வாடையோடு ஒரு சத்தமும் வந்தது.

"இச்! நி! சன்! ஷி! கோ! ரொக்!"

நின்றுவிட்டேன். எண்கள்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் யாரும் எண்களை அப்படிச் சொல்வதில்லை. ராணுவத்தில் வரிசையாக நிற்பவர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தலையைத் திருப்பிக் கத்துகிற எண்ணிக்கை அது. அப்பா ஒரே ஒருமுறை அதைச் செய்து காட்டியிருக்கிறார். அவர் சிறுவனாக இருந்தபோது ஜப்பானியர்கள் தோட்டத்து மைதானத்தில் ஆட்களை நிறுத்தி அப்படித்தான் எண்ண வைத்தார்களாம். நான் அப்போது சிரித்தேன். அந்த நடுப்பகலில், ஒரு மரம்கூட இல்லாத வெளியில் நின்றபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'ஷி' என்று வரும்போதெல்லாம் அதன் அடியில் மெல்லிய சீழ்க்கை ஒன்று ஓடியது. வேலிக்கு அப்பால் மேய்ந்துகொண்டிருந்த காளைகள் மேய்வதை விட்டுவிட்டுச் சத்தம் வந்த பக்கம் பார்த்தன.

தேங்காய் உலர்த்தும் களத்தின் ஓரத்தில் தகரக் கொட்டகை. அதற்குள் பதினைந்து இருபது மெக்கானிக்குகள் கையைத் தொடையோடு ஒட்டி விறைப்பாக நின்றிருந்தார்கள். எதிரே மயிலாத்தாள். நாற்பது வயதைத் தாண்டியவர், மெலிந்த உடம்பு. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, "வாங்க வாங்க, இந்தக் காத்துல நடந்தேவா வந்தீங்க அம்மணி? சொல்லியிருந்தா வண்டி அனுப்பியிருப்பனுங்களே" என்றார். இழைந்து வருகிற, மெத்தென்ற குரல். பிறகு வகுப்பின் பக்கம் திரும்பி, உட்காருங்கள் என்று ஜப்பானிய மொழியில் சொன்னார். அந்தக் குரல் அவருடையதாக இல்லை. தொண்டையின் அடியிலிருந்து கரகரவென்று, கொஞ்சம் இளைப்போடு வந்தது. முகவாய் மேலே ஏறியது. கண்ணை மூடிக்கொண்டிருந்தால் ஓர் ஆண் என்றே நினைத்திருப்பேன்.

ஆனால் பாடம்! அப்படியொரு பாடத்தை நான் கேட்டதில்லை. "தமிழ்ல எந்த வரிசைல நெனைக்கறீங்களோ, அதே வரிசைல சொல்லுங்க. வார்த்தைய மட்டும் மாத்திப்போடுங்க" என்றார். சண்முகம் என்ற மெக்கானிக், நேற்று தான் பழுது பார்த்த இயந்திரத்தைப் பற்றி ஜப்பானிய மொழியிலேயே என்னிடம் விவரித்தார். ஊசி உடைந்தது ஏன், எண்ணெய் ஒழுகியது எங்கே என்று எல்லாம் சொன்னார். எங்கே தடுக்கும் என்று மயிலாத்தாளுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அங்கே போய்க் காத்திருந்தார். 'வ', 'க' பற்றிக் கேட்டேன். "'நான்தான் போனேன்'ங்கறதுக்கும் 'நான் போனேன்'ங்கறதுக்கும் வித்தியாசம் இருக்குதுங்களா இல்லீங்களா? அத வெச்சே புடிச்சுக்குவாங்க" என்றார்.

என் முடிவு ஆட்டம் கண்டது. ஆனால் சண்முகம் பேசியதும் அதே இளைப்போடு, அதே கரகரப்போடுதான். சகரமும் ஷகரமும் வருகிற இடத்தில் எல்லாம் அதே சீழ்க்கை. எல்லோரும் அப்படித்தான். இருபது வாய்க்குள் ஒரே வாய்.

பொழுது சாய்ந்ததும் எல்லோரும் மறுபடி எழுந்து வரிசையாக நின்றார்கள். இந்தத் தடவை கத்தவில்லை. தரையைப் பார்த்தபடி, தணிந்த குரலில் ஒன்றைச் சொன்னார்கள்.

"அப்பா... எ ஸ கேரிதே."

சொல்லிவிட்டுக் கலைந்தார்கள். பத்து வருஷத்துக்கும் மேலாக இந்த மொழியோடு இருக்கிறேன். முதல் சொல் தமிழ் 'அப்பா'வைப்போல் கேட்டதைத் தவிர எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

மயிலாத்தாள் இளநீர் வெட்டிக் கொடுத்தார். "இன்னைக்கு வேல முடிஞ்சுதுன்னு அர்த்தமுங்க. எந்த டிக்சனரிலயும் இல்ல. எங்கய்யன் சொல்லிக் குடுத்தது" என்றார். அவருடைய அய்யன், அதாவது அப்பா, இளம் வயதில் மலாயாத் தோட்டத்துக்குப் போனவர். அங்கிருந்து சயாமுக்கு. உயிரோடு ஊர் திரும்பிய மிகச் சிலரில் ஒருவர்.

என் பெரியப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கய்யனுக்கு மலேரியாக் காய்ச்சல் கடைசி வரைக்கும் விடலைங்க. வந்துச்சுன்னா சப்பான் பேச்சுதான் வாயில. நான் பக்கத்துல உக்காந்து திருப்பிச் சொல்லுவேன். காய்ச்சல் எறங்குன பொறகும் அவரே கூப்புட்டு ஒக்கார வெச்சுச் சொல்லிக் குடுப்பாருங்க. 'அவிங்க திரும்ப வருவாங்க கண்ணு. பேச்சுத் தெரிஞ்சவங்கள அடிக்க மாட்டாங்க'ன்னு. அப்பறம் நானா பொஸ்தகம் வாங்கிப் படிச்சு, மெட்ராஸ்ல போயிப் பரிச்சை எழுதினனுங்க. எழுத்து பொஸ்தகத்துது, பேச்சு எங்கய்யனது."

"அவருக்குப் பல்லில் ஏதாவது குறை உண்டா?" என்று கேட்டேன்.

"எங்கய்யனுக்கா? கரும்பு கடிச்சுத் திம்பாருங்க. ஏனுங்க கேக்கறீங்க?"

சும்மாதான் என்றேன். அப்படியானால் அந்தச் சீழ்க்கை யாருடையது?

மூன்றாம் நாள் கிமுராவை அழைத்துக்கொண்டு போனேன். அவருக்கு நான் எதுவும் சொல்லவில்லை. வாடகைக் காரிலிருந்து இறங்கிக் களத்தை நோக்கி நடந்தோம். எண்ணிக்கை காற்றில் வந்தது. கிமுரா கொப்பரைக் குவியலுக்குப் பின்னால் நின்றுவிட்டார். என்னையும் கையால் தடுத்தார். உள்ளே மயிலாத்தாளின் ஜப்பானியக் குரலும் அதைத் தொடர்ந்து வகுப்பின் குரலும் கேட்டன.

"யார் அந்த ஆள்?" என்றார்.

"ஆசிரியை. ஒரு பெண்."

"இல்லை. இது ஓர் ஆண். வடக்கே, பனிப்பிரதேசத்து ஆள். என் அம்மா வழி ஊர்ப் பேச்சு. முன்பல் உடைந்தவன். நோயாளி." மறுபடி காது கொடுத்துக் கேட்டார். "என்னைவிடச் சின்னவன்."

உள்ளே போனோம். மயிலாத்தாள் அவரை வணங்கினார். கிமுராவால் அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. அன்று முழுவதும் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மாணவர்கள் திறமையாகப் பேசினார்கள். அதையும் அவர் கவனித்தார். மாலையில் அவர்கள் வரிசையாக நின்று அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது எழுந்து வெளியே போய்விட்டார், என் அப்பாவைப்போலவே.

எல்லோரும் போனபின் மயிலாத்தாள் கேட்டார்: "நான் சொல்லித் தர்றது தப்புங்களா? என்னன்னு கேளுங்க அம்மணி. எதுவா இருந்தாலும் சொல்லச் சொல்லுங்க."

நேராகச் சொல்ல மனமில்லாமல் கிமுரா என்னிடம் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். "அது வேலை முடிந்தது என்று அர்த்தமில்லையாம். அந்தப் பக்கத்து ஊர்களில் 'அப்பா' என்றால் அம்மாவாம். 'அம்மா, வீட்டுக்குப் போகணும்.' அவ்வளவுதான்."

"அம்மாவுங்களா?" என்றார் மயிலாத்தாள்.

"நாங்க அய்யன்னுதானுங்க கூப்புடறது. அப்பான்னு எங்கூட்ல யாரும் சொன்னதில்ல. கூலிக்காரங்ககிட்டக் கேட்டு அந்தக் காவக்காரன் கத்துக்கிட்டானாட்ட இருக்குதுன்னு நெனச்சுப்போட்டேன்." பிறகு குரலில் கோபம் ஏறியது. "சயாம்ல எங்கய்யன் கூட்டத்துக்குக் காவல் நின்ன சப்பான்காரப் பையனுங்க அவன். மேலதிகாரி துப்பாக்கிக் கட்டைல இடிச்சுப் பல்லு போயிருச்சாமா. அந்தக் கோவத்தையெல்லாம் எங்காளுக மேலதான் காட்டுவான். எங்கய்யனுக்கு எடது காது கேக்காது. அவன் அடிச்ச அடிதான். சாயங்காலம் பொழுதோட மட்டும் மூங்கில் கொட்டாய்க்கு வெளிய நின்னுக்கிட்டு இத மொனகுவானாமா. அதக் கேட்டாத்தான் இவிங்க படுக்கப் போலாம். காலரா வந்து செத்தப்பவும் எங்கய்யன்தான் தூக்கிப்போட்டு எரிச்சாரு." என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவன் பேச்சையாங்க நான் இத்தன நாளா என்ற வாயில வெச்சிருந்தேன்? காத ஒடச்சவனுக்கு அம்மா கேக்குதா?"

நான் இதை மொழிபெயர்க்கவில்லை. கிமுராவும் கேட்கவில்லை. அன்று இரவு கோயம்புத்தூர் விடுதியில் உணவுக்குக் கொள்ளு ரசம் வைத்திருந்தார்கள். அதை ஆறவிட்டு அறிக்கை எழுத உட்கார்ந்தேன். கிமுராவைச் சொல்லிவிட்டால் என் வேலை முடிந்தது. அந்த மெக்கானிக்குகள் இந்தக் குரலோடு ஜப்பானில் போய் இறங்கினால் யுத்தத்துக்குப் போய்வந்த எத்தனை கிழவர்களின் கையிலிருந்து கிண்ணம் நழுவும்? ஆனால் கிமுராவின் வகுப்பு கேள்வியைத் திருப்பிக் கேட்டது. மயிலாத்தாளின் வகுப்பு பதில் சொன்னது.

மறுநாள் மத்தியானம் மயிலாத்தாளிடமிருந்து விடுதிக்குப் போன் வந்தது. "பொழுதோட அவரக் கூட்டிக்கிட்டு வர முடியுங்களா?"

போனபோது வகுப்பு முடியும் நேரம். மயிலாத்தாளின் கண்கள் வீங்கியிருந்தன. "ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. புள்ளைங்க அப்படிச் சொன்னா, அவிங்க ஊர்ல அம்மா என்னன்னு பதில் சொல்லுவா?"

கிமுரா கேள்வியை இரண்டு முறை கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு, அது கிராமத்துப் பேச்சில் வருகிற பதில், தான் அப்படிப் பேசுவதில்லை, தன் பாட்டிதான் பேசுவாள் என்றார்.

"நீங்க சொல்லுங்க. நான் சொன்னா அது அவன் கொரல்லதான் வரும்" என்றார் மயிலாத்தாள் அவரிடம்.

மாணவர்கள் எழுந்து வரிசையாக நின்றார்கள். அவர்களிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. மயிலாத்தாளும் இந்த முறை அவர்களோடு வரிசையில் போய் நின்றார். தகரக் கூரையில் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

"அப்பா... எ ஸ கேரிதே."

கிமுரா ஓர் அடி முன்னால் வந்தார். வானொலிக் குரல் இல்லை. வாயை அதிகம் திறக்காமல், குளிரில் பேசுகிறவர்கள்போல, "ந்தா. கேரெ" என்றார். சரி. போ, வீட்டுக்குப் போ.

வழக்கமாகக் கலைந்து ஓடுகிறவர்கள் அன்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். யாரோ தங்களைத் தாண்டிப் போக வழி விடுகிறவர்கள்போல, வரிசையின் நடுவில் இருவர் விலகினார்கள். அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று பிறகு சண்முகத்திடம் கேட்டேன். "அப்படியாங்க செஞ்சோம்?" என்றார்.

கடைசி நாள் காலை விடைபெறப் போனேன். கிமுராவும் வந்தார். மயிலாத்தாள் வகுப்பைத் தொடங்கினார். மாணவர்கள் எண்ணினார்கள். இச், நி, சன், ஷி. நானும் கிமுராவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சீழ்க்கை இல்லை. ஒருவர் வாயிலும் இல்லை. நேற்றும் முந்தாநாளும் தன் பேச்சைக் கேட்டதால் இருக்கும் என்று கிமுரா என் காதில் சொன்னார். ஆனால் அந்த வகுப்பில் அவர் பேசியது இரண்டே வார்த்தைகள்.

மயிலாத்தாள் சாக்பீஸை எடுத்து ஒரு வாக்கியம் எழுதினார். எழுத்தில் பிழையில்லை. அதை வாசிக்க வாய் திறந்தார். சத்தம் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி திறந்தார். எந்தக் குரலில் சொல்வது என்று தேடுவதுபோல் உதடு மட்டும் அசைந்தது. நான் தண்ணீர் கொடுத்தேன். "வரமாட்டீங்குதுங்க அம்மணி" என்றார் தமிழில், பயந்துபோய். "எங்கய்யன் சொல்லிக் குடுத்தது எல்லாம் தெரியுது. சொல்லத்தான் முடியல."

பினாங்குக்கு நான் என்ன எழுதப்போகிறேன் என்று அங்கேயே சொன்னேன். பாடம் அவர்தான் நடத்த வேண்டும். கிமுரா ஒரு வருஷம் அவரோடு இருக்கட்டும், வாய்ப்பழக்கத்துக்கு. மேலிடம் ஒருவரைத்தான் கேட்டது. இருவர் இல்லையென்றால் பையன்களை ஜப்பானுக்கு அனுப்ப முடியாது என்று எழுதிவிடுவேன். அதன்படியே எழுதினேன், முணுமுணுத்துக்கொண்டு ஒப்புக்கொண்டார்கள்.

மயிலாத்தாள் சாக்பீஸைக் கிமுராவிடம் கொடுத்தார். புடவையை ஒதுக்கிக்கொண்டு மெக்கானிக்குகளுக்கு நடுவே பாயில் உட்கார்ந்தார். கிமுரா பலகையில் இருந்ததை நிதானமாக வாசித்தார். 'இன்று காற்று பலமாக இருக்கிறது.' வகுப்பு திருப்பிச் சொன்னது. மயிலாத்தாள் மட்டும் சொல்லவில்லை. கிமுரா அவரைப் பார்த்துக் காத்திருந்தார்.

அப்புறம் அவர் சொன்னார். மெல்லிய, கூச்சம் நிறைந்த, இதுவரை அந்தக் கொட்டகையில் யாரும் கேட்டிராத பெண்குரல் ஒன்று கேட்டது. யார் பேசியது என்று மெக்கானிக்குகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.